முடக்குவாத மரபணுவைத் தேட ஏன் இத்தனை நாடுகள்?

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்குக் காரணமான மரபணுவை ஒரே ஆய்வகம் கண்டுபிடித்துவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு மரபணு என்றால் முடிந்திருக்கும். எச்எல்ஏ-டிஆர்பி1 என்ற மரபணுதான் இதில் பெரிய கை. அது 1980களிலேயே பிடிபட்டுவிட்டது. 2004இல் பிடிபிஎன்22 என்ற இன்னொரு மரபணு பிடிபட்டது. மற்றவை ஒவ்வொன்றும் நோய் வரும் வாய்ப்பைத் துளியூண்டுதான் கூட்டுகின்றன. சில நூறு பேரை மட்டும் ஆராய்ந்தால் அந்தத் துளி தற்செயல் வேறுபாடுகளுக்குள் காணாமல் போய்விடும். ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வேண்டும், நோயில்லாதவர்கள் அதைவிட அதிகமாக வேண்டும்.

2014இல் வெளியான ஒரு கூட்டாய்வு, ஐரோப்பிய, ஆசிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைச் சேர்த்துப் பார்த்து நோயோடு தொடர்புள்ள 101 மரபணு இடங்களைக் காட்டியது. அவற்றில் 42 புதியவை.

இரு வம்சாவளிகளைச் சேர்த்ததில் இன்னொரு லாபமும் உண்டு (எனக்குப் பிடித்தது இதுதான்). அருகருகே உள்ள மரபணு மாறுபாடுகள் கூட்டமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். உண்மையான குற்றவாளி எது என்று தெரியாது. அந்தக் கூட்டம் வம்சாவளிக்கு வம்சாவளி மாறுவதால் சந்தேக வட்டம் சுருங்குகிறது.

சரி, எல்லாம் மரபணுதானா? இல்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் பெரும்பாலும் மற்றவருக்கு வருவதில்லை. புகைபிடித்தலுக்கும் பங்குண்டு.