கேள்வி பதில்: ஜெஃப் ட்வென்டிமேன், ஊர் ஊராக ஆடியவர் லிவர்பூலின் கண்ணாக ஆன கதை

இருபது வருடத்துக்கும் மேலாக வடமேற்கு இங்கிலாந்தில் இருக்கிறேன். சனிக்கிழமை என்றால் கீழ் டிவிஷன் மைதானங்களில்தான் என்னைப் பார்க்கலாம். ஒரு சின்ன கிளப்புக்குச் சம்பளம் வாங்காமல் ஆள் பார்த்துச் சொல்கிறேன். ஸ்கவுட் வேலை, அதாவது கால்பந்து கிளப்புக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்த்துச் சொல்லும் வேலை பற்றியும், லிவர்பூலின் தலைமை ஸ்கவுட்டாக இருந்த ட்வென்டிமேன் பற்றியும் கேளுங்கள். ஒருவரைக் கூடத் தெரியாது என்றாலும் பரவாயில்லை, முதலிலிருந்து சொல்கிறேன்.

இடதுகால்: அண்ணா, யார் இந்த ட்வென்டிமேன்? ஆட்டக்காரராகப் பெரிய ஆளா?

இல்லை தம்பி. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். 1930இல் பிறந்தவர், வடக்குக் கோடியில் கம்பர்லாந்துக்காரர். சொந்தப் பக்கத்து கிளப்பான கார்லைல் யுனைட்டெடில் தொடங்கினார். 1953 டிசம்பரில் லிவர்பூல் அவரை வாங்கியது. அன்றைய லிவர்பூலை இன்றைய லிவர்பூல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த சீசன் முடிவில் கடைசி இடம், இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கம். அடுத்த டிசம்பரில் பர்மிங்ஹாமிடம் 9-1 என்று தோற்றார்கள். அந்தக் காலம் முழுக்க ஹாஃப்-பேக்காக, அதாவது முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில், 180 ஆட்டத்துக்கு மேல் ஆடியவர் இவர். மேல் டிவிஷனுக்குத் திரும்பும் முன்பே, 1959இல், வட அயர்லாந்தில் பாலிமீனா யுனைட்டெடுக்கு ஆடிக்கொண்டே மேனேஜராகவும் போய்விட்டார். பிறகு மறுபடி கார்லைல், அப்புறம் சின்னச் சின்ன இடங்கள். கோப்பை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை.

அன்றைக்கு இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கடைசியில் அது 20 பவுண்டாக இருந்தது, 1961இல்தான் எடுத்தார்கள். முப்பது வயதாகிறது, கால் தளர்கிறது என்றால் அடுத்த சாப்பாட்டுக்கு வழி தேட வேண்டும். ஆடிக்கொண்டே மேனேஜர் ஆவது அப்படி ஒரு வழி.

மழைக்காலம்: லிவர்பூலை விட்டுப் போனவரை ஷாங்க்லி எப்படித் திரும்பக் கூப்பிட்டார்? இருவரும் ஒன்றாக இருந்ததே இல்லையே?

லிவர்பூலில் இல்லை, கார்லைலில் இருந்தார்கள். பில் ஷாங்க்லி முதன்முதலில் மேனேஜரானது அங்கேதான், 1949இலிருந்து 1951 வரை. அப்போது ட்வென்டிமேன் இருபது வயதுப் பையன். லிவர்பூலில் ஒருவர் வர, ஒருவர் போக என்று தவறிப் போனது. இவர் 1959இல் கிளம்பினார், அதே வருடம் டிசம்பரில் ஷாங்க்லி லிவர்பூல் மேனேஜராக வந்தார். எட்டு வருடம் கழித்து, 1967இல், தலைமை ஸ்கவுட்டாக வா என்று கூப்பிட்டார். இருபது வயதில் ஒருவன் எப்படி இருந்தான் என்பதை ஷாங்க்லி மறக்கவில்லை. ஸ்கவுட்டைத் தேர்ந்தெடுத்ததே ஒரு நல்ல ஸ்கவுட்டிங் என்பேன்.

நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1965இல் ஹார்ட்டில்பூல்ஸ் யுனைட்டெடுக்குச் சில மாதம் மேனேஜராக இருந்தார். அவர் விட்ட நாற்காலியில் வந்து உட்கார்ந்தது முப்பது வயது பிரையன் கிளஃப். கிளஃப் கூடவே அழைத்து வந்தது பீட்டர் டெய்லரை. டெய்லரும் அதே ரகம்: கோவென்ட்ரி, மிடில்ஸ்பரோ, போர்ட் வேல் என்று சுற்றிய கோல்கீப்பர், ஆள் பார்ப்பதில் மன்னன். லாங் ஈட்டன் என்ற சின்ன அணியிலிருந்து 2,000 பவுண்டுக்கு கேரி பர்ட்டில்ஸை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் எடுத்தது, பின்னால் இந்த ஜோடி அங்கே போயிருந்த காலத்தில். 1978 செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றிலேயே ஃபாரஸ்ட் லிவர்பூலை வெளியேற்றியது, முதல் கோல் அதே பர்ட்டில்ஸ். இங்கிலாந்தின் இரண்டு பெரிய கண்கள் ஒரே சின்ன ஊர் கிளப் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருக்கின்றன.

திருச்சிக்காரன்: சார், என் அக்கா பையனுக்கு 15 வயது. இங்கிலாந்து கிளப்பில் ட்ரையல் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உண்மையான கிளப் ட்ரையலுக்குக் காசு வாங்காது. 2021இலிருந்து இங்கிலாந்து கிளப்புகள் 18 வயது ஆகாத வெளிநாட்டுப் பையன்களை எடுக்கவே முடியாது. 15 வயதுப் பையனுக்கு அவர் விற்பது இல்லாத ஒன்றை. பையனை உங்கள் மாவட்ட லீகில் ஆட விடுங்கள்.

கோல்கம்பம்: பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல ஸ்கவுட் ஆவதில்லையா?

ஆகலாம். ஆனால் ஊர் ஊராக ஆடியவருக்கு ஒரு அனுகூலம் உண்டு. சேற்று மைதானம், பாதி காலி ஸ்டாண்ட், போன வாரம்தான் வந்த சென்டர்-ஹாஃப் பக்கத்தில் நிற்கும் ரைட் பேக், இதெல்லாம் அவர் உடம்பில் இருக்கிறது. ஒரு பையன் மோசமாக ஆடுகிறானா, மோசமான அணியில் நன்றாக ஆடுகிறானா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியும். ஃபில் நீலை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் நார்தாம்ப்டனில் நான்காம் டிவிஷன் ஆட்டக்காரர், விலை 66,000 பவுண்டு. ஷாங்க்லிக்குப் பின் பாப் பெய்ஸ்லி லிவர்பூல் மேனேஜராகி முதலில் வாங்கியவர். வந்தபின் தொடர்ந்து 417 ஆட்டம் ஒன்றைக் கூடத் தவறவிடாமல் ஆடினார். எட்டு லீக் பட்டம், நான்கு ஐரோப்பியக் கோப்பை. இரண்டு இறுதி ஆட்டங்களில், 1977லும் 1984லும், கோல் போட்டிருக்கிறார். நான்காம் டிவிஷனில் இதைப் பார்க்க ஒரு தனிக் கண் வேண்டும்.

செங்கொடி: இங்கேதான் எனக்கு ஆட்சேபம். ட்வென்டிமேன் கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் லிவர்பூல் முன்வரிசை நட்சத்திரம் கெவின் கீகனைச் சேர்க்கிறார்கள். கீகனைச் சொன்னது ஆண்டி பீட்டி!

சரியான ஆட்சேபம். ஆண்டி பீட்டி ஷாங்க்லியோடு பிரெஸ்டனில் ஆடியவர், பிறகு ஹடர்ஸ்ஃபீல்டில் ஷாங்க்லியைத் தனக்கு உதவியாக வைத்துக்கொண்டவர். ஸ்கன்தார்ப்பில் ஒரு பையன் இருக்கிறான், பாருங்கள் என்று விடாமல் சொன்னது அவர். அந்தப் பெருமை அவருக்குப் போக வேண்டும்.

செங்கொடி: அப்படியானால் தலைமை ஸ்கவுட் என்ன செய்தார்?

"கண்டுபிடித்தார்" என்ற சொல்தான் இங்கே குழப்புகிறது. கீகன் ஒளிந்திருக்கவில்லை. ஸ்கன்தார்ப்பில் நூறு லீக் ஆட்டத்துக்கு மேல் ஆடியவர், அதில் மூன்று சீசன் நான்காம் டிவிஷனில். டிக்கெட் வாங்கிய யாரும் பார்த்திருக்கலாம், பல கிளப்பின் ஆட்கள் பார்த்தும் இருந்தார்கள். தலைமை ஸ்கவுட்டின் மேஜைக்கு வாரம் இருபது பெயர் வரும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பரிந்து பேச ஒரு ஆள் இருப்பார். அதில் பத்தொன்பதை மரியாதையோடு வேண்டாம் என்று சொல்லி, ஒன்றுக்குத் தன் பெயரைப் பணயம் வைப்பதுதான் அந்த வேலை.

கோல்கம்பம்: குறுக்கே வருகிறேன். கீகனை நடுக்களத்துக்காகத்தானே வாங்கினார்கள்? முன்னால் தள்ளியது ஷாங்க்லி. அப்போது பெருமை முழுக்க ஷாங்க்லிக்கு!

நடுக்களத்துக்கு வாங்கினார்கள் என்பது உண்மை. 1971 மே மாதம், 35,000 பவுண்டு அளவில். கையெழுத்துப் போடக் காத்திருந்தபோது லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் குப்பைத் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கும் படம் எல்லோரும் பார்த்ததுதான். சீசனுக்கு முன் பயிற்சி ஆட்டத்தில் முன்வரிசையில் விட்டுப் பார்த்தார் ஷாங்க்லி. ஆகஸ்ட் 14, ஃபாரஸ்டுக்கு எதிராக முதல் ஆட்டம், 12 நிமிடத்தில் கோல். நான் சொல்வது இதுதான்: ஒருவர் பெயர் சொன்னார், சிலர் போய்ப் பார்த்து உறுதி செய்தார்கள், ஒருவர் இடம் மாற்றினார். இதில் யாரை எடுத்துவிட்டாலும் கீகன் கிடைக்க மாட்டார். செங்கொடி, பீட்டியின் பெயரை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி. அவரை யாரும் நினைப்பதில்லை.

செங்கொடி: ஏற்கிறேன். ஆனால் ரஷ்ஷையும் பங்கு போட்டுவிடாதீர்கள்.

போட மாட்டேன். இயன் ரஷ் விஷயத்தில் ட்வென்டிமேன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கலாம். ரஷ் ஆடிய செஸ்டர் அப்போது மூன்றாம் டிவிஷன். 1980 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் நியூகாசிலை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 என்று வென்றார்கள், ரஷ் ஒரு கோல். அந்த வசந்த காலத்திலேயே லிவர்பூல் 300,000 பவுண்டு கொடுத்தது. 18 வயதுப் பையனுக்கு, அதுவும் மூன்றாம் டிவிஷனிலிருந்து. டீன்ஏஜ் ஆட்டக்காரருக்கு பிரிட்டனில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

முதல் சீசனில் என்ன நடந்தது? ஒரு கோல் கூட இல்லை. பையன் கூச்ச சுபாவம், வேறு கிளப்புக்குப் போகலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனார். அந்த ஒரு வருடம் ட்வென்டிமேன் எப்படித் தூங்கினார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 66,000 பவுண்டு தவறிப் போனால் கிளப் தாங்கும், 300,000 தவறினால் உங்கள் பெயர் போய்விடும். 1981 செப்டம்பர் 30, ஃபின்லாந்தின் ஓலு அணியோடு ஆட்டம், மாற்று ஆட்டக்காரராக இறங்கி முதல் கோல் போட்டார். முடிக்கும்போது கணக்கு 346. இன்றுவரை லிவர்பூலில் அதை யாரும் தொடவில்லை.

புதியவன்07: ப்ரோ, மெஸ்ஸியா ரொனால்டோவா?

அதற்கு வேறு இடம் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

நெய்தல்: லிவர்பூல் தவறவிட்டவர்கள் உண்டா?

உண்டு. பின்னாளில் லிவர்பூல் பின்வரிசையில் ஆடிய ஆலன் ஹான்சன் 15 வயதில் அங்கே ட்ரையலுக்கு வந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். 1977இல் அதே ஆளை பார்ட்டிக் திசிலிலிருந்து 100,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். தப்பு என்று தெரிந்ததும் வெட்கப்படாமல் திரும்பப் போய்க் கேட்டார்களே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பாலாறு: சார், தங்கையின் மகனுக்கு 16 வயது, துபாயில் ஒரு அகாடமி இங்கிலாந்து ட்ரையலுக்கு...

மேலே திருச்சிக்காரருக்குச் சொன்ன பதில்தான். காசு கேட்டால் ஓடிவிடுங்கள்.

இடதுகால்: நீங்கள் ஆட்டத்தில் எதைப் பார்ப்பீர்கள்?

வார்ம்-அப்புக்கு முன்பே போய்விடுவேன். ஒரு ஆளை மட்டும் பத்து நிமிடம், பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். உதாரணமாக லெஃப்ட் பேக். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா? எத்தனை தடவை? அணி கோல் வாங்கியதும் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறான்? தப்பான பாஸுக்குப் பிறகு அடுத்த பந்தைக் கேட்கிறானா, ஒளிகிறானா? இதெல்லாம் மூன்று நிமிட வீடியோ துணுக்கில் வராது. துணுக்கு பார்த்து ஆளை எடைபோடாதீர்கள்.

எண்கள்: இப்போதுதான் எல்லா ஆட்டத்துக்கும் புள்ளிவிவரம் இருக்கிறதே?

இருப்பது நல்லது, நானும் பார்க்கிறேன். போகவேண்டிய மைதானம் எது என்று அது சொல்லும். போனபின் பார்க்கவேண்டியதை அது சொல்லாது. ஜிம்மி கேஸ், சவுத் லிவர்பூல் என்ற லீக் சாராத அணியில் ஆடியவர், எலக்ட்ரீஷியன் வேலை பழகிக்கொண்டிருந்தவர். 1973இல் 500 பவுண்டு. அந்த மட்டத்தில் இன்றைக்கும் எண்கள் மெலிந்துதான் இருக்கின்றன. யாராவது போய் நிற்க வேண்டும்.

மழைக்காலம்: நீங்கள் தவறவிட்ட ஆள்?

ஒருவன் இருக்கிறான். 17 வயது நடுக்கள ஆட்டக்காரன், மழை கொட்டிய செவ்வாய்க்கிழமை இரவு. முதல் இருபது நிமிடத்தில் மூன்று தடவை பந்தை இழந்தான். வீடு தூரம், இடைவேளையில் கிளம்பிவிட்டேன். "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் பாதியில் அவனை லெஃப்ட் பேக்காக மாற்றியிருக்கிறார்கள், அங்கே அவன்தான் களத்திலேயே சிறந்த ஆள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இப்போது எங்களுக்கு இரண்டு டிவிஷன் மேலே ஆடுகிறான், அதே லெஃப்ட் பேக்காக. அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்திலும் கடைசி விசிலுக்கு முன் நான் எழுந்ததில்லை.

கூடல்: அண்ணா, ட்ரையலுக்கு...

அதே பதில்.

நெய்தல்: 1986க்குப் பிறகு ட்வென்டிமேன்?

லிவர்பூலை விட்டு, கிரேம் சூனஸ் மேனேஜராகியிருந்த கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கு ஆள் பார்த்தார். 2004இல் காலமானார். அவர் லிவர்பூலில் தலைமை ஸ்கவுட்டாக இருந்த 19 வருடத்தில் ஒன்பது லீக் பட்டம், நான்கு ஐரோப்பியக் கோப்பை. ஆடிய காலத்தில் இறக்கம் கண்ட அதே கிளப்.

இடதுகால்: நான் மான்செஸ்டரில் படிக்கிறேன். இந்த வாரம் உங்களோடு ஒரு ஆட்டத்துக்கு வரலாமா?

வாருங்கள் தம்பி, சனிக்கிழமை. ஆட்டம் மூன்று மணிக்கு, நீங்கள் இரண்டு மணிக்கே வந்துவிடுங்கள். மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். கோலுக்குப் பின்னால் கூரை இல்லாத பக்கத்தில்தான் நிற்பேன். அங்கிருந்துதான் பின்வரிசை நான்கு பேரும் எப்படி நகர்கிறார்கள் என்று முழுசாகத் தெரியும்.