முன்பதிவு செய்யலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: சாம்சங்கின் புது மாடலுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது. 256 ஜிபி விலைக்கே 512 ஜிபி என்கிறார்கள். உடனே வாங்கலாமா, விலை இறங்கட்டும் என்று இருக்கலாமா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: 512 ஜிபி உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இப்போதுள்ள போனில் செட்டிங்ஸ் போய் ஸ்டோரேஜைத் திறந்தால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 100 ஜிபியைத் தாண்டவில்லை என்றால் இந்தச் சலுகையால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. 4கே வீடியோ எடுத்துக் குவிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

விலையைவிட எனக்குக் கவலை, முதல் லாட்டில் வரும் கோளாறுதான். அதில் இரண்டு வகை உண்டு. சாஃப்ட்வேர் கோளாறு அப்டேட்டில் சரியாகிவிடும். 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 ப்ரோ அதிகம் சூடாகிறது என்று புகார் கிளம்பியது. அதைச் சரிசெய்யும் ஐஓஎஸ் 17.0.3 அப்டேட் அக்டோபர் முதல் வாரத்திலேயே வந்தது. உள்ளே இருக்கும் பாகத்திலேயே குறை என்றால் அப்டேட் உதவாது. 2016 ஆகஸ்டில் வந்த கேலக்ஸி நோட் 7-இல் பேட்டரியின் மூலையில் மின்வாய்த் தகடு வளைந்து ஷார்ட் ஆனது. மாற்றிக் கொடுத்த போன்களில் இருந்தது வேறொரு நிறுவனத்தின் பேட்டரி. அதில் வெல்டிங் பிசிறு உறையைக் கிழித்தது. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். 2019-இன் மடிப்பு போனான கேலக்ஸி ஃபோல்ட் ஏப்ரலில் கடைக்கு வர வேண்டியது. சோதிக்கக் கொடுத்த போன்களிலேயே திரை பழுதானதால் கீல் பகுதியில் தூசி புகாமல் மூடி வைத்து, செப்டம்பரில்தான் விற்றார்கள்.

நோட் 7-இன் குட்டு வெளிப்பட இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். பேட்டரி, கீல், சிப் என்று முக்கியமான பாகம் எதையாவது புதிதாக மாற்றியிருந்தால் எட்டு முதல் பத்து வாரம் பொறுங்கள். போன வருட மாடலுக்கே கேமராவை மட்டும் கொஞ்சம் மெருகேற்றியிருந்தால் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: ஐபோன் விலை எப்போது குறையும்?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: அடுத்த மாடல் வரும் செப்டம்பரில். 2023-இல் ஐபோன் 14, 2024-இல் ஐபோன் 15, 79,900 ரூபாய்க்கு அறிமுகமான இரண்டையும் 69,900-க்கு ஆப்பிள் குறைத்தது. ஜூலை, ஆகஸ்டில் முழு விலை கொடுத்து வாங்காதீர்கள்.

கேள்வி: ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த மாடல் தீபாவளி ஆஃபரில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
(விருத்தாசலம் வாசகி)

பதில்: வாரன்டி நீங்கள் வாங்கும் தேதியிலிருந்து தொடங்கும். பாதுகாப்பு அப்டேட் அப்படியில்லை. அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணுவார்கள். நான்கு வருட அப்டேட் என்று விளம்பரப்படுத்திய போனில் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டரை வருடம். அதனால் விலையை மிச்சமுள்ள வருடங்களால் வகுத்துப் பாருங்கள். 15,000 ரூபாய் போனுக்கு இரண்டரை வருடம் என்றால் வருடத்துக்கு 6,000. அதே வகையில் 20,000 ரூபாய்க்கு வந்த புது மாடலுக்கு நான்கு வருடம் என்றால் 5,000-தான். ஏழு வருட அப்டேட் தரும் கேலக்ஸி எஸ்24, பிக்சல் 8 போன்றவற்றில் ஒன்றரை வருடம் போனாலும் பரவாயில்லை; அங்கே பழைய மாடலே புத்திசாலித்தனம்.

பெட்டியைப் பிரித்ததும் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பில்லிலும் பெட்டியிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று தட்டி, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். பெட்டியில் உள்ள மாடலும் பதிலில் வருவதும் வேறாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 6ஜி வரும்வரை பழைய போனையே ஓட்டலாமா?
(ஓசூர் வாசகர்)

பதில்: வேண்டாம். 6ஜி 2030 வாக்கில்தான் எதிர்பார்க்கப்படுகிறது. வந்த உடனே வாங்குவதும் பலன் தராது. இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியது 2022 அக்டோபரில். 5ஜி போன்களோ 2020-லிருந்தே விற்றன. அவற்றில் சிலவற்றில் என்78 என்ற ஒரே அலைவரிசைதான் இருந்தது. ஜியோ பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையான என்28 சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நன்றாக எட்டும்; அந்த போன்களுக்கு அது கிடைக்கவில்லை. இப்போது 5ஜி போன் வாங்கினாலும் அலைவரிசைப் பட்டியலில் என்28, என்78 இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.