மாஸ்டர் மட்டும் கதைக்கிற வேதப் படிப்புக் குழு

அண்ணா, மானிப்பாயில் உங்கள் வீட்டு விறாந்தையில் எட்டுப் பேர் கூடுகிறீர்கள், ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரே ஒன்றரை மணிநேரமும் பிரசங்கம் செய்ய மற்றவர்கள் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மாஸ்டரில் பிழை இல்லை. வாசிப்பே கூட்டத்தில்தான் நடக்கிறது, அதுதான் சிக்கல்.

ஊரையும் தொழிலையும் விட்டு இறையியல் கல்லூரிக்கு வர முடியாத சபைத் தலைவர்களுக்காக 1963இல் குவாத்தமாலாவில் தொடங்கிய விரிவாக்க இறையியல் கல்வி இதைத்தான் மாற்றியது: பாடத்தை அவரவர் வீட்டில் படித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு வரவேண்டும், சந்திப்பு கதைப்பதற்கு மட்டும். நடத்துபவர் விளக்குவதைக் குறைத்துக் கேள்வி கேட்பார்.

நீங்களும் முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு வரி கொப்பியிலிருந்து வாசிக்க விடுங்கள், மாஸ்டர் கடைசி. முதல் இரண்டு கிழமை அமைதி சங்கடமாகத்தான் இருக்கும், பொறுங்கள், நீங்களே வாய் திறந்து அதை நிரப்பிவிடாதீர்கள்.

மாஸ்டருக்கும் வேலை கொடுங்கள். பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் உழைத்து 1850இல் அச்சான தமிழ் வேதாகமத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அரைப் பக்கம்தான், அதற்கு மேல் கூடாது!