குடியைக் குறைக்கும் ஆன்லைன் திட்டத்தை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். வாரத்தில் நான்கு இரவு ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறேன். காலையில் குடிப்பதில்லை, கை நடுக்கமும் இல்லை. டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது. குடியைக் குறைக்க உதவும் ஆன்லைன் திட்டம் ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். சேர்ந்தவர்கள் மூன்றே மாதத்தில் குடியைப் பாதியாகக் குறைத்தார்களாம். பணம் கட்டிச் சேரலாமா?

பதில்: குறைக்க வேண்டும் என்று நீங்களே நினைத்தது பெரிய விஷயம். பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்தத் திட்டத்தில் சேராதவர்கள் எவ்வளவு குறைத்தார்கள்?

பிரிட்டனில் ‘டவுன் யுவர் டிரிங்க்’ என்ற இணையத் திட்டத்தை 7,900-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2011-ல் வெளியானது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உளவியல் பயிற்சிகள் கொண்ட முழுத் திட்டமும், மீதிப் பேருக்கு மதுவைப் பற்றிய தகவல் பக்கங்களும் கிடைத்தன. வாரத்துக்குச் சராசரியாக 46 யூனிட் (பிரிட்டன் கணக்கில் ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால்) குடித்தவர்கள் மூன்று மாதத்தில் 26-க்கு வந்தார்கள். கிட்டத்தட்ட பாதி! ஆனால் தகவல் மட்டும் படித்தவர்களும் அதே அளவுக்குக் குறைத்திருந்தார்கள். ஒப்பிட ஆளில்லாமல் சோதித்திருந்தால், அந்தக் குறைவு முழுவதையும் திட்டத்தின் சாதனை என்றே எழுதியிருப்பார்கள்.

இது ஏன் நடக்கிறது? குடி மிக அதிகமாகிவிட்ட சமயத்தில்தான் ஒருவர் உதவி தேடுகிறார். அதற்குப் பிறகு அளவு தானாகவே கொஞ்சம் இறங்குவது இயல்பு. ‘போன வாரம் எவ்வளவு குடித்தீர்கள்?’ என்று யாராவது கேட்டாலே பலர் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம், இடையில் விட்டுவிட்டுப் போனவர்கள். இணையச் சோதனைகளில் சில சமயம் பாதிப் பேர் கடைசியில் பதில் அனுப்பாமலேயே போவதுண்டு. பதில் அனுப்பியவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் தெரியும்.

அதற்காக எல்லாமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் 261 பேரிடம் நடந்த சோதனையில் (2008), ஆறு மாதத்துக்குப் பிறகு இணையத் திட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 17 பேர் பரிந்துரைத்த அளவுக்குள் வந்திருந்தார்கள். கையேடு மட்டும் படித்தவர்களில் அது 5 பேர். 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 57 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, டிஜிட்டல் திட்டங்களைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 23 கிராம் ஆல்கஹால் குறைவாகக் குடித்தார்கள். நம்மூர்க் கணக்கில் ஒரு லார்ஜுக்குச் சற்று மேல். உங்கள் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் இருக்கிறது. வாரத்துக்கு 240 கிராம். ஆக, திட்டம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. இந்த அளவு பலனுக்குப் பெரிய தொகை கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. இலவசமாகக் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குடித்த நாளையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வருவதை இன்றே தொடங்கலாம்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவுக்கு மீறிக் குடிக்கும் ஆண்களிடம், டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் சில தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான அளவிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். நேருக்கு நேர் பேசுவதற்கு அந்த வலிமை உண்டு. முகம் காட்டத் தயக்கமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண்ணை, அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். மது, போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது. ஒருமுறை ரத்த அழுத்தமும் கல்லீரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

தினமும் நிறையக் குடிப்பவர்கள், காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்கள், எந்தச் செயலியையும் நம்பித் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்கும் குடிக்காத நாட்களில் நடுக்கம், அதிக வியர்வை, தூக்கமின்மை என்று ஏதாவது தொடங்கினால், உடனே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.