வெயிலில் கொசு சாகாதா?

கேள்வி: சித்திரை வெயிலில் குட்டையெல்லாம் வற்றிவிட்டது, மழையும் இல்லை. அப்புறம் எப்படி டெங்கு வருகிறது? (சென்னை வாசகர்)

பதில்: குட்டையை விடுங்கள், வீட்டு டிரம்மைப் பாருங்கள். லாரித் தண்ணீரைப் பிடித்து மூடாமல் வைக்கிறோமே, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். அதன் முட்டை ஈரமே இல்லாமல் டிரம்மின் உள்சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிந்து, 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். சூடு கூடினால் கொசுவின் உடலுக்குள் வைரஸும் சீக்கிரம் பெருகும். ரொம்பக் கொளுத்தினால் கொசு சாகும், சரி, ஆனால் அது கட்டிலுக்கு அடியில் நிழலில் அல்லவா இருக்கிறது! கொட்டித்தீர்க்கும் மழை கொசுப் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும், விட்டுவிட்டுப் பெய்யும் மழைதான் வம்பு. வாரம் ஒருமுறை டிரம்மை உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை அங்கேயேதான் இருக்கும்.