பதில்: 1915 லண்டன் கதையில் செப்பலின் குண்டு

உங்கள் கதையில் செப்பலின் (முதல் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய பெரிய ஆகாயக் கப்பல்) போட்ட தீக்குண்டு விழுந்ததும் வீடே வெடித்துச் சிதறுகிறது. "இது சரியா?" என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை. அது வெடிக்கிற சாதி இல்லை, எரிகிற சாதி.

தோற்றத்தில் வெடிகுண்டு மாதிரியே இருக்காது. கூம்பு வடிவம், சுற்றிலும் தார் பூசிய கயிறு வரிந்திருக்கும், மேலே ஒரு கைப்பிடி. உள்ளே தெர்மைட், அதாவது அலுமினியத்தூளும் இரும்பு ஆக்சைடும். பற்றினால் 2,000 டிகிரிக்கு மேல் சூடேறி உருகிய இரும்பாக வழியும். அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கலவையிலேயே இருப்பதால், மூடி அணைக்கப் பார்த்தாலும் அணையாது. ஆனால் தெர்மைட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் புகையைக் கக்கிக்கொண்டு நின்று எரிவது தார்க்கயிறுதான்.

ஆகவே காட்சியை இப்படி மாற்றுங்கள்: கூரையைத் துளைத்து மாடி அறையில் விழுகிறது, படுக்கை பற்றுகிறது, புகை. மே 31, 1915 இரவு எல்இசட் 38 என்ற செப்பலின் லண்டனில் போட்ட முதல் குண்டு ஸ்டோக் நியூயிங்டனில் ஒரு வீட்டுக் கூரைக்குள் இப்படித்தான் இறங்கியது. அன்று இறந்தவர்கள் 7 பேர்.

பெரிய தீதான் வேண்டுமென்றால் கதையைச் செப்டம்பர் 8-க்குத் தள்ளுங்கள். அன்று எல் 13 என்ற செப்பலின் லண்டன் வுட் தெரு துணிக்கிடங்குகளைக் கொளுத்தியது. துணி கிடைத்தால் கேட்கவா வேண்டும்!