ஜேலன் கார்ட்டர் அடுத்த ஆரன் டொனால்டா?

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு ஜேலன் கார்ட்டர் ரூக்கியாக (முதல் வருட ஆட்டக்காரராக) வந்த 2023இலேயே அவரை "அடுத்த ஆரன் டொனால்ட்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு டிஃபென்சிவ் லைன்மேனின் (தடுப்பு வரிசையில் நிற்பவரின்) முதல் வருட ஆட்டத்தை வைத்து அப்படி ஒப்பிட முடியுமா?

முடியாது என்பதுதான் என் பதில். நான் ஈகிள்ஸ் ரசிகன். கார்ட்டரை மிகவும் பிடிக்கும். அப்படியிருந்தும் இதைத்தான் சொல்வேன். முதல் வருடத்தில் ஒருவரிடம் திறமை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ராம்ஸ் அணியில் ஆடிய டொனால்டின் பெருமை அதற்கு அப்புறம் வந்த ஒன்பது வருடங்களில் இருக்கிறது.

அமெரிக்க ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காக ஒரு விளக்கம். இருவரும் ஆடும் இடம் டிஃபென்சிவ் டாக்கிள், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். ஓரத்தில் நிற்கும் எட்ஜ் ரஷருக்கு வளைந்து ஓட இடம் இருக்கும், இவருக்கு இருக்காது. எதிரே எதிரணியின் கார்ட், அவர் பக்கத்திலேயே சென்டர், ஆளுக்கு 300 பவுண்டு. பந்து அசைந்ததும் (அதுதான் ஸ்நாப்) இருவரும் சேர்ந்து இவர்மேல் சாய்வார்கள். அதுதான் டபுள் டீம். அந்த நெரிசலிலிருந்து மூன்று வினாடிக்குள் வெளியே வந்து, பந்தை எறியும் குவாட்டர்பேக்கைப் பந்தோடு தரையில் தள்ளினால் ஒரு சாக்.

அந்த இடத்தில் நின்றுகொண்டு டொனால்ட் 2018இல் 20.5 சாக் எடுத்தார். டிஃபென்சிவ் டாக்கிள் ஒருவர் ஒரே சீசனில் எடுத்ததில் அதுதான் அதிகம். ஆடியது பத்து சீசன். பத்திலும் ப்ரோ பௌலுக்கு (சிறந்த ஆட்டக்காரர்களுக்கான நட்சத்திர ஆட்டம்) தேர்வானார், எட்டில் முதல் அணி ஆல்-ப்ரோ (ஒவ்வொரு இடத்துக்கும் ஆண்டின் சிறந்தவர்கள் பட்டியல்). ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை: 2017, 2018, 2020. மொத்தம் 111 சாக். 2017இல் ஒப்பந்தத் தகராறில் பயிற்சி முகாமுக்கே வரவில்லை, முதல் மேட்சும் ஆடவில்லை. அந்த வருடமும் விருது அவருக்குத்தான்.

இதையெல்லாம் அவருடைய ரூக்கி வருடத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. 2014 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சி) அவர் 13ஆவது தேர்வு. அதாவது பன்னிரண்டு பேரை அவருக்கு முன்னால் எடுத்தார்கள். 6 அடி 1 அங்குலம், 285 பவுண்டு, இந்த இடத்துக்கு ஆள் சிறியவர் என்பதுதான் குறை. அந்த வருடம் 9 சாக் எடுத்துச் சிறந்த ரூக்கி தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். பிரமாதமான தொடக்கம், சந்தேகமில்லை. ஆனால் 2010இல் டெட்ராய்ட்டின் இண்டாமுக்கன் சூ ரூக்கியாக 10 சாக் எடுத்து அதே விருதை வாங்கியவர். முதல் வருடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சூ ஒரு படி மேலே இருப்பார். முழு வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கன்சாஸ் சிட்டியின் கிறிஸ் ஜோன்ஸ் 2016இல் ரூக்கியாக எடுத்தது 2 சாக். மூன்றாவது சீசனில் 15.5. ஜான் ராண்டிலை 1990இல் எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. மினசோட்டாவில் சேர்ந்து முதல் வருடம் ஒரே ஒரு சாக் எடுத்தார். கடைசியில் 137.5 சாக், ஹால் ஆஃப் ஃபேம். முதல் வருடத்தில் இவர்களை யாரோடு ஒப்பிட்டிருப்பீர்கள்?

இன்னொரு ஒப்பீடு உடம்பை வைத்துச் செய்வது. கார்ட்டர் வந்த அதே 2023 டிராஃப்டில் கலைஜா கேன்ஸி என்று ஒருவர் வந்தார், டாம்பா பே எடுத்தது. டொனால்ட் படித்த அதே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். அதே உயரம், எடை 281 பவுண்டு. 40 கெஜ ஓட்டத்தில் டொனால்ட் 4.68 வினாடி, இவர் 4.67. அச்சில் வார்த்த மாதிரி. ஆனால் கைநீளம் டொனால்டைவிட இரண்டு அங்குலம் குறைவு. நடுவில் ஆடுபவருக்கு இது சின்ன விஷயமில்லை. எதிராளியின் கை உங்கள் நெஞ்சில் விழுவதற்கு முன்னால் உங்கள் கை அவர் நெஞ்சில் விழ வேண்டும். கேன்ஸி நல்ல ஆட்டக்காரர், 2024இல் 7.5 சாக் எடுத்தார். ஆனாலும் அவர் கேன்ஸிதான்.

கார்ட்டரின் உடம்பு டொனால்டைப் போன்றதே இல்லை. 6 அடி 3 அங்குலம், 314 பவுண்டு. டொனால்ட் குள்ளமாக இருந்ததையே ஆயுதமாக்கியவர். எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே புகுந்து கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். கத்தி போன்ற பயிற்சிக் கருவிகளை எதிரே வீசவைத்துக் கைவேகத்தைத் தீட்டியவர். கார்ட்டர் ஒரே தள்ளலில் கார்டைப் பின்னால் நகர்த்துவார், அதே ஆள் அடுத்த ஸ்நாப்பில் அந்த எடையோடு பக்கவாட்டில் வழுக்கிப் போவார். அந்த அளவில் இருக்கும் ஒருவர் அப்படி நகர்வதைப் பார்க்கவே ஒரு மகிழ்ச்சி.

அவருடைய ரூக்கி வருடம் 6 சாக். அதில் எனக்கு மறக்காதது 2023 டிசம்பர் 10, டல்லஸில் கௌபாய்ஸுக்கு எதிரான மேட்ச். எங்கள் ஃப்ளெட்சர் காக்ஸ் அடித்ததில் கௌபாய்ஸ் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் பந்தை நழுவவிட, கார்ட்டர் அதை எடுத்துக்கொண்டு 42 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். நான் சோபாவிலிருந்து எழுந்து நின்று கத்தினேன். அன்று ஈகிள்ஸ் போட்ட ஒரே டச்டவுன் அதுதான். மேட்ச் 33-13 என்று கௌபாய்ஸுக்குப் போய்விட்டது. பத்து வெற்றி, ஒரு தோல்வி என்று இருந்த ஈகிள்ஸ் கடைசி ஆறு மேட்சில் ஐந்தைத் தோற்றது, கார்ட்டரின் வேகமும் சீசனின் பின்பாதியில் குறைந்தது. அவர் ஏறக்குறைய பாதி ஸ்நாப்புகளுக்குத்தான் களத்தில் நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிராஃப்டுக்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் நடந்த பயிற்சி நாளில் ஒன்பது பவுண்டு கூடுதல் எடையோடு வந்து, பயிற்சிகளை முடிக்கத் திணறியவர் அவர். டொனால்ட் பள்ளி நாட்களிலேயே விடிகாலை நாலரைக்கு அப்பாவோடு வீட்டின் கீழ்த்தளத்தில் எடை தூக்கிப் பழகியவர். உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ரூக்கி வருட சாக் கணக்கில் இது தெரியாது. டிசம்பரில், நான்காவது குவாட்டரில், அறுபதாவது ஸ்நாப்பில் தெரியும்.

அதனால்தான் கார்ட்டரின் இரண்டாவது வருடத்தை முதல் வருடத்தைவிட மேலாக வைக்கிறேன். 2024இல் அவர் எடுத்தது 4.5 சாக், முதல் வருடத்தைவிடக் குறைவு. ஆனால் களத்தை விட்டு இறங்குவது அரிதாகிவிட்டது, டபுள் டீம் அவர்மேலேயே வந்து விழுந்தது. இரண்டாவது அணி ஆல்-ப்ரோ கொடுத்தார்கள். அப்புறம் 2025 ஜனவரி 19. ஃபிலடெல்ஃபியாவில் கொட்டும் பனி. எதிரணி லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ், டொனால்டின் அணி. அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஈகிள்ஸ் 28-22 என்று முன்னால் இருக்க, கடைசி நிமிடத்தில் ராம்ஸ் கோலுக்கு மிக அருகே வந்துவிட்டது. மூன்றாவது டவுனில் (பந்தை நகர்த்த ஒரு அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) கார்ட்டர் ராம்ஸ் குவாட்டர்பேக் ஸ்டாஃபோர்டை சாக் செய்தார். நான்காவது டவுனில் மறுபடி நடுவழியே உடைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே போய் நின்றார். பந்து யார் கையிலும் விழவில்லை.

எனக்கு உடனே 2022 பிப்ரவரி 13 ஞாபகம் வந்தது. சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டி, ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20. மூன்றாவது டவுனில் ஒரு கெஜம் தேவை, ஓடி வந்தவரை டொனால்ட் பிடித்து நிறுத்தினார். நான்காவது டவுனில் பெங்கால்ஸ் குவாட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்றினார், பந்து வீணாகப் போனது. சாம்பியன் மோதிரம் போடும் விரலைக் காட்டிக்கொண்டு ஓடினார். அதே வேலையை, அடுத்தடுத்த இரண்டு டவுனில், கார்ட்டர் டொனால்டின் பழைய அணிக்கு எதிராகவே செய்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்தில் இருவரும் சமம். இதை ஈகிள்ஸ் ரசிகனாகச் சொல்லவில்லை, இரண்டு வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் கன்சாஸ் சிட்டி குவாட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை சாக் செய்து 40-22 என்று ஜெயித்தது. அந்த ஆறில் ஒன்றுகூட கார்ட்டர் பெயரில் இல்லை. கன்சாஸ் சிட்டி அவரை அடைக்க ஆள் ஒதுக்கியதால்தான் பக்கத்தில் நின்ற மில்டன் வில்லியம்ஸுக்கும் ஜாஷ் ஸ்வெட்டுக்கும் வழி கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

சரி, மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2025 சீசனின் முதல் மேட்சில், தொடக்க உதை முடிந்து முதல் ஸ்நாப் வரும் முன்பே பிரெஸ்காட் மேல் துப்பியதற்காக அவரை வெளியேற்றினார்கள். அன்று எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இவ்வளவு திறமை உள்ளவர் அன்று இரவு முழுவதும் களத்தில் இல்லை. டொனால்டும் கோபக்காரர்தான், ஆனாலும் வாரா வாரம் அவரை நம்பி ராம்ஸ் திட்டம் போட முடிந்தது.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் நான் கிறிஸ் ஜோன்ஸைச் சொல்வேன். அவரும் பெரிய உடம்பு, நீளமான கை, தள்ளவும் வழுக்கவும் தெரிந்தவர், சாக் கணக்கு ஒரு வருடம் ஏறும் ஒரு வருடம் இறங்கும், ஆனால் பிளேஆஃப் கடைசி நிமிடத்தில் குவாட்டர்பேக்கின் முகத்துக்கு நேரே நிற்பார். கார்ட்டர் அந்த இடத்துக்கு வருவார் என்று முழுமனதாக நம்புகிறேன். டொனால்டோடு ஒப்பிடுவதை அவருடைய எட்டாவது சீசன் முடிந்ததும் பேசலாம்.